வெண்ணெய் எழுத்துரு

ஜெபக்கனியின் திரையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்பு தின்ற கேக் நிஜமாகவே தொண்டை வரை வந்து நின்றது.

திரையில் தமிழ் கிடந்தது. கொம்பு ஒரு கட்டத்தில், எழுத்து அடுத்த கட்டத்தில், கால் மூன்றாவது கட்டத்தில். மெய்யெழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்தில் தனியாக ஒரு புள்ளிவட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. 'ணை' இரண்டு கட்டங்களையும் மீறிப் பக்கத்து எழுத்தின் மேல் ஏறிப் படுத்திருந்தது. இத்தனைக்கும் பின்னால் பழைய இரும்பின் துருவைப்போல ஒரு சிவப்புப் பின்னணி. இருபது வருடமாக இந்த அசிங்கத்தை ஒழிக்கத்தான் நான் சோறு தின்கிறேன்.

என் பெயர் சபாபதி. டெர்மினலில் எழுத்தை வரைவது என் தொழில். டெர்மினல் என்றால் கணினியில் வெறும் எழுத்து மட்டும் ஓடும் அந்தக் கறுப்புச் சன்னல். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. அதைச் செய்தவர்கள் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சட்டைக்குள் தமிழைத் திணித்தால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிதுங்கும். அதைச் சரிசெய்து நான் உருவாக்கிய எழுத்துருவுக்குப் பெயர் 'வெண்ணெய்'.

அன்று திருநெல்வேலி வாசிப்புக் கூடத்தில் ஒரு கோடியாவது வரி படித்து முடிக்கப்பட்டதற்கு விழா. கேக்கின் மேல் 'வெண்ணெய்' என்று என் எழுத்துருவிலேயே கிரீமில் எழுதியிருந்தார்கள். கூடத்தின் மேலாளர் ரகோத்தமன் முதல் துண்டை என் வாயில் ஊட்டினான். என்னைவிட எட்டு வயது இளையவன். வயதுக்காக அல்ல, அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"சார், நாற்பது ரீடர்ஸ். முப்பத்தொம்பது பேர் மணிக்கு அறுநூறு வரிக்குக் குறையாம படிக்கறாங்க. இந்த ஒரு அம்மா மட்டும் முப்பத்தெட்டு. நாளைக்கு டெண்டர் புதுப்பிக்கறாங்க. எல்லா ரீடரும் ஐநூறுக்கு மேல இருக்கணும்னு கண்டிஷன். நீங்களே வந்து அவங்க மிஷின்ல உங்க ஃபான்ட்டைப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. மாட்டேன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அந்தக் கூடத்தில் என்ன படிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பென்ஷன், ரேஷன், மருந்து என்று அரசு எதை நிறுத்தினாலும் அந்த வரி அங்கேதான் வரும்; அந்த வாரம் ஓடியது ஆக்ஸிஜன் வரிசை. வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்து மூச்சு விடுகிறவர்கள் தென்மாவட்டங்களில் மட்டும் எண்பதாயிரம் பேர். மிஷின் அரசு கொடுத்தது. யாருக்கு இனி தேவையில்லை என்பதை ஒரு கணிப்பொறி முடிவு செய்கிறது. முன்பு அதுவே முடிவு செய்து அதுவே நிறுத்திக்கொண்டிருந்தது. சிலர் செத்தார்கள், வழக்கு நடந்தது, மனிதக் கண் சட்டம் வந்தது. கணிப்பொறி எடுக்கும் எந்த நிறுத்த முடிவும் ஒரு மனிதர் அந்த வரியை முழுவதும் படித்து ஒப்புக்கொள்ளாமல் செல்லாது. ஒப்புதலுக்கு 'என்டர்' விசை. மறுப்பதென்றால் காரணத்தைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். திரைக்கு மேல் உள்ள கேமரா, கண் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை போனதா என்று பார்த்துச் சான்று கொடுக்கும்.

வெண்ணெய் அந்தக் கேமராவோடு சேர்ந்து வேலை செய்யும். உங்கள் கண் எங்கே தடுக்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கோட்டைத் தடிமனாக்கும், இடைவெளியை நெகிழ்த்தும், நிறத்தைத் தணிக்கும். ஒரே வாரத்தில் உங்கள் கண்ணுக்கென்றே தைத்த எழுத்து தயார். கண் எங்கும் நிற்காது, தலைவலி வராது. 'சார், இப்பல்லாம் வீட்டுக்குப் போய்க் குழந்தையோட விளையாட முடியுது' என்று ஒரு வாசகர் எனக்குக் கடிதமே எழுதியிருந்தார். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.

இப்படிப்பட்ட ஒன்றை வேண்டாம் என்கிறாளே ஒருத்தி என்ற எரிச்சலோடுதான் ஜெபக்கனியின் மேசைக்குப் போனேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. நாற்பது வயதிருக்கும். வெளிர் நீலச் சேலை, மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. திரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னம்மா கோலம்? என் எழுத்துருவை ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"நீங்கதான் அந்தச் சாரா?" என்று திரும்பினார். மேசையில் ஒரு மணி அடித்தது. கண் திரையை விட்டு விலகினால் அப்படி அடிக்கும். "உக்காருங்க சார். இந்த வரிய முடிச்சிட்டு வாரேன்."

ஒரு முழு நிமிடத்துக்கு மேல் என்னை நிற்க வைத்துவிட்டு 'மறு' என்று அடித்து, காரணமும் எழுதினார்.

"காலையில வந்ததும் ஒங்க ஃபான்ட்ட அணைச்சிருவேன் சார். பழசு உள்ளதான கெடக்கு."

கிடக்கத்தான் செய்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நானேதான் விட்டுவைத்திருந்தேன்.

"இதுல எப்படிப் படிக்கிறீங்க? வாக்கியமாவே தெரியலையே."

"தெரியாதுல்லா. ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி எடுத்துச் சேக்கணும். சேத்து முடிக்கதுக்குள்ள ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்." கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். "ஒங்க வெண்ணெயிலயும் ரெண்டு வருசம் படிச்சிருக்கேன் சார். நல்லா இருந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது."

"பிறகென்ன?"

"எங்க எதிர்வீட்டுல தாசையான்னு ஒரு அண்ணாச்சி. அவரு மிஷினை ஒருநா ஆட்டோவுல ஏத்திக்கிட்டு இருந்தானுவ. என்னன்னு போய்ப் பாத்தேன். நிறுத்துன ஆர்டரைக் கையில குடுத்தாரு. அதுல படிச்சவங்க பேரு இருக்காது, நம்பருதான் இருக்கும். என் நம்பரு எனக்குத் தெரியும்லா சார்?"

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"எதிர்வீட்டு விலாசம். எங்க தெருப் பேரு. நான் படிச்சிருக்கேன். ஒத்துக்கிட்டு இருக்கேன். ஒரு சொட்டு ஞாபகம் இல்ல. நடையா நடந்து மிஷினைத் திரும்ப வாங்க ஒம்பது நாளாச்சு. அவரு ஏழு நாளுதான் இருந்தாரு."

ரகோத்தமன் பின்னால் வந்து நின்றிருந்தான். "எமோஷனலா பேசுவாங்க சார்" என்று என் காதில் சொன்னான். அவன் வாயிலிருந்து கிரீம் வாடை அடித்தது.

"இந்த வருசம் நான் மறுத்தது இருநூத்திப் பன்னெண்டு" என்றார் ஜெபக்கனி. "மத்த முப்பத்தொம்பது பேரும் சேந்து ஒம்பது. எங்க எல்லாருக்கும் வாரது ஒரே சாக்குல உள்ள நெல்லுதான சார்? எனக்கு மட்டுமா இம்புட்டுக் கல்லு வரும்?"

 எனக்குக் கோபம் வந்தது. அழகான எழுத்தில் படித்தால் மறந்துபோகும் என்பது மூடநம்பிக்கை என்றேன். கவனமில்லாமல் படித்துவிட்டு எழுத்தைக் குறை சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்பம் நீங்க படிங்க சார். ஒங்க ஃபான்ட், நீங்களே செஞ்சது. பத்தே நிமிசம். முடிச்சிட்டு ஒரே ஒரு ஆளு பேரு சொல்லுங்க. சொல்லிட்டியன்னா நானே எங்கையால வெண்ணெயப் போட்டுக்கிடுதேன்."

ரகோத்தமன் கைதட்டினான். "சூப்பர் சார். டெமோ!"

எனக்கும் வாசகர் எண் உண்டு. சோதித்துப் பார்ப்பதற்காக என் கண்ணும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் நேரடி வரிகளில் விளையாடக்கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது. பயிற்சிச் சன்னலில் படிக்கிறேன் என்றேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயிற்சிக் கோப்பைத் தட்டச்சு செய்தவன் நான். ஊர், வயது, நோய் எல்லாம் மாற்றி மாற்றிப் போட்ட பிறகு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, ஐந்நூறு வரியிலும் ஒரே பெயரைப் போட்டிருந்தேன். சோதனையப்பன். அவர் கேட்கப்போவது ஒரு பெயர். நான் தோற்க வழியே இல்லை.

உட்கார்ந்தேன். அவர் திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. சிவப்புப் பின்னணி உள்ளது நேரடி. கறுப்பு, பயிற்சி. இது எங்கள் தொழிலில் ஏறக்குறைய எல்லோரும் செய்துகொள்ளும் ஏற்பாடு. நிஜ இயந்திரத்தில் கை வைக்கும் சன்னலுக்குச் சிவப்புச் சாயம் பூசி வைத்துக்கொள்வோம், சூடான அடுப்பு என்று தெரிவதற்காக. நான் வெண்ணெயை இயக்கினேன். கேமரா என் கண்ணை அடையாளம் கண்டது. சிதறிக் கிடந்த எழுத்துகள் ஒன்றுகூடி, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் அமர்ந்தன. வழக்கம்போல எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. சன்னலை மாற்றும் விசையை ஒருமுறை அழுத்தினேன். கைப்பழக்கத்தில் இன்னொரு முறையும் அழுத்தியிருக்கிறேன்.

இன்னொரு கண் கேமராவில் விழுந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் ஜெபக்கனியும் ரகோத்தமனும் திரைக்குப் பின்பக்கம் போய் நின்றார்கள். நேரம் மூன்று நாற்பது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம் அது இனிமையாக இருந்தது என்பதுதான். வரி வரும், கண் இடமிருந்து வலம் வழுக்கிப் போகும், விரல் என்டரைத் தட்டும், அடுத்த வரி வரும். எங்கோ ஒரு 'ழ' வந்தது. அதன் கடைசிச் சுழிப்பை நான் மூன்று மாதம் வரைந்து வரைந்து அழித்திருக்கிறேன். என்ன அழகாக விழுந்திருக்கிறது என்று பூரித்துப்போனேன். சுற்றிலும் முப்பத்தொன்பது விரல்கள் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தன. என் விரலும் அந்தத் தாளத்தில் சேர்ந்துகொண்டது.

"நேரம் முடிஞ்சிது சார்" என்றார் ஜெபக்கனி.

"தொண்ணூத்திநாலு வரி! முதல் தடவைக்கே!" என்றான், என்டர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த ரகோத்தமன்.

"பேரு சொல்லுங்க சார்."

கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்தேன். நல்ல நடிகன் என்று நினைப்பு. "சோதனையப்பன்" என்றேன்.

ஜெபக்கனி திரையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். திரையின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"சார், அப்படி ஒரு ஆளு இதுல இல்ல. இது பயிற்சி இல்ல."

கடைசி வரி, என் அழகான எழுத்துருவில், இப்படி இருந்தது: '94 ஆணைகள் ஏற்கப்பட்டன. மாலை 5:00 மணி ஓட்டத்தில் கருவிகள் நிற்கும்.'

நான் சிவப்பைத் தேடினேன். சிவப்பு இல்லை. இரண்டு சன்னல்களும் ஒரே மெல்லிய சாம்பல் கறுப்பில் இருந்தன. ஏனென்றால் சிவப்பு கண்ணைத் தடுத்து நிறுத்தும். கண்ணைத் தடுத்து நிறுத்தும் எதையும் தணித்துவிடு என்று வெண்ணெய்க்கு விதி எழுதியவன் நான். அந்த விதிக்காக நிறுவனத்துக்குள் ஒரு பரிசுகூட வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கு வரி. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயர் இருந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு பெயரைப் படித்திருந்தால்கூட அது சோதனையப்பன் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரை வைத்தவனுக்கே தெரியவில்லை. என்மேல் எனக்கு அப்படி ஓர் அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை. வாயில் இன்னும் அந்தக் கிரீமின் கொழகொழப்பு இருந்தது.

"ரகோத்தமன், உடனே சென்னை ஹெட் ஆபீசுக்குப் போன் போடுங்க. அஞ்சு மணி ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். அவன் யோசிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. பிறகு சிரித்தான். "எதுக்கு சார்? எல்லாம் சரியாத்தானே இருக்கு. கேமரா சான்று வந்தாச்சு. உங்க நம்பர்ல தொண்ணூத்திநாலும் முழுசாப் படிக்கப்பட்டிருக்கு."

"நான் படிக்கலய்யா!"

"சட்டப்படி படிச்சிருக்கீங்க சார்."

"பெயர்கூடத் தெரியலைன்னு உங்க கண்ணு முன்னாலதானே..."

அவன் என் தோளில் கைவைத்தான். ஈரமான, மெத்தென்ற கை. "சார், போன் போட்டு என்ன காரணம் சொல்றது? நம்ம ஃபான்ட்ல படிச்சா, படிச்ச மாதிரி இல்லைன்னா? அதைச் செஞ்சவரே சொல்றார்னா? ஒரு கோடி வரி படிச்சிருக்கோம் சார். அவ்வளவையும் திறக்கச் சொல்லுவான். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிடாதீங்க." குரலைத் தாழ்த்தினான். "தேவைப்படறவங்க திரும்ப மனுப் போடுவாங்க. போட்டா மிஷின் குடுத்துடுவோம்."

"ஒம்பது நாளாகும்" என்றார் ஜெபக்கனி. அதற்குள் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். அது யாருக்கும் ஒதுக்காத உபரி மேசை. "சார், அஞ்சு மணிக்கு முன்னால எந்த வரியையும் நம்பரைப் போட்டுத் திரும்ப எடுக்கலாம். எடுத்து மறுக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் முழுசாப் படிக்கணும், காரணம் எழுதணும், காப்பி பண்ணி ஒட்டுனா எடுத்துக்கிடாது. நான் ஒண்ணுல இருந்து மேல போறேன். நீங்க தொண்ணூத்திநாலுல இருந்து கீழ வாங்க."

"எழுபது நிமிஷம்தான் இருக்கு."

"அதான் சொல்லுதேன், பேசாம உக்காருங்க. வெண்ணெய அணைச்சிட்டு உக்காருங்க."

அணைத்தேன். சிவப்பு திரும்ப வந்தது. எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்தன. தொண்ணூற்று நான்காம் வரியை எடுத்தேன். முதலில் ஒன்றுமே புரியவில்லை. புள்ளிவட்டங்களை விலக்கி, கொம்பை எடுத்து எழுத்துக்கு மாட்டி, காலை இழுத்து ஒட்டவைத்தேன். உதடு அசைந்தது. இருபது வருடத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அதுதான் முதல் தடவை.

மாலையம்மாள். அறுபத்தொன்று. சிங்கிகுளம். கருவி ஆறு நாள் ஓடவில்லை. ஆகவே தேவையில்லை எனக் கருதப்படுகிறது.

"ஜெபக்கனி, சிங்கிகுளம், ஆறு நாள் ஓடலையாம்..."

"போன வாரம் மழையில அந்தப் பக்கம் பூரா கரண்டு கெடையாது சார். மறுங்க."

ஆறு நாள் மின்சாரம் இல்லாமல் மாலையம்மாள் எப்படி மூச்சு விட்டார் என்று நான் யோசித்தேன். ஒரு வரியில் முழுதாக ஓர் ஆள் இருந்தார். காரணத்தைத் தட்டச்சு செய்து மறுத்தேன்.

தொண்ணூற்று மூன்று. நாகூர் மைதீன், ஐம்பத்தெட்டு, ஏர்வாடி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருக்கிறது. ஆகவே கருவி தேவையில்லை. கருவி ஓடுவதால்தானே ஐயா அளவு நன்றாக இருக்கிறது! சோறு போட்டால் இவனுக்குப் பசிப்பதில்லை, ஆகவே சோறு தேவையில்லை என்கிற நியாயம். இதே வரியைச் சற்று முன்புதான் நான் ஏற்றிருக்கிறேன். ஒருவேளை நான் பூரித்துப் பார்த்த அந்த 'ழ' இதற்கு அடுத்த வரியில் இருந்ததோ என்னவோ.

பாதியில் எழுந்து நின்று கத்தினேன். யாராவது வந்து உதவுங்கள், தொண்ணூற்று நான்கு பேர், ஐந்து மணிக்குள் மறுக்க வேண்டும் என்றேன். நான்கைந்து தலைகள் திரும்பின. அவர்கள் மேசைகளில் மணி அடித்தது. அவர்கள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்களின் திகைப்புதான் இருந்தது. ரகோத்தமன் அவர்களைப் பார்த்துக் கையமர்த்தினான். மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. டக், டக் என்ற சத்தம் மறுபடி சீரானது.  இந்த முப்பத்தொன்பது பேரையும் இப்படி உட்கார வைத்தது ரகோத்தமன் இல்லை, நான்.

"சார், உக்காருங்க" என்றார் ஜெபக்கனி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஊர்ப்பெயர்கள்தான். நான் ஊரைச் சொல்வேன், அவர் அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்வார். எந்த ஊரில் டவர் விழுந்தது, எங்கே மாதாகோயில் திருவிழா என்று சனம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மிஷின் நிஜமாகவே தேவைப்படாதவர்களும் சிலர் இருந்திருக்கலாம். ஐந்து மணிக்குப் பிறகு அவர்களை நிதானமாகப் பார்க்கலாம், இப்போது எல்லாவற்றையும் மறு என்றார் அவர். அவர் விரல்கள் பறந்தன. பிளாஸ்திரி சுற்றிய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ நழுவ, தள்ளிவிடக்கூட நேரமில்லாமல் தலையை அண்ணாந்து படித்தார்.

ஐந்து மணிக்குத் திரை ஒருமுறை வெறுமையானது. அவர் நாற்பத்துமூன்றாவது வரியை முடித்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் தட்டி மறுத்ததில் அவர் வாழ்நாளில் அதுதான் அதிக வேகம். நான் மேலிருந்து இருபத்தேழு முடித்திருந்தேன். நாற்பத்துநான்கிலிருந்து அறுபத்தேழு வரை, இருபத்துநான்கு வரிகள் நடுவில் தங்கிவிட்டன. அந்த எண்களைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். 'நிறைவேற்றப்பட்டது' என்று வந்தது. பெயர் வரவில்லை. நிறைவேறிய வரியின் பெயரைத் தனியுரிமை கருதி அழித்துவிடுவார்கள்.

ஜெபக்கனி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கேக்கை வாந்தி எடுத்தேன்.

மறுநாள் டெண்டர் கிடைத்தது. முப்பத்தொன்பது வாசகர்களும் ஐந்நூறுக்கு மேல். நாற்பதாவது வாசகர் முந்தின நாள் மாலையே வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்தார், மெதுவாகப் படித்ததற்காக. இப்போது ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறார். சீட்டை இரண்டுமுறை படிக்காமல் மாத்திரை எடுப்பதில்லையாம். கூட்டம் சேர்ந்துவிடுகிறது என்று முதலாளி ஏசுகிறாராம். போனில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் ராஜினாமா செய்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வெண்ணெயின் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. நீதிமன்றங்களிலும் பத்திரப்பதிவு அலுவலகங்களிலும் அதைப் போடப்போவதாகச் செய்தி வந்தது. அந்த இருபத்துநான்கு பேரில் பதினோரு பேர் திரும்ப மனுப் போட்டு மிஷின் வாங்கிவிட்டார்கள் என்றும், பத்துப் பேர் விண்ணப்பிக்கவில்லை என்றும், மூன்று கோப்புகள் மூடப்பட்டன என்றும் நிறுவனம் அறிக்கை விட்டது. மூடப்பட்ட கோப்பு என்றால் என்ன என்று விளக்கம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று நான் எழுத்துக் கூட்டிப் படித்த இருபத்தேழு பேரையும் இப்போது கேட்டாலும் சொல்வேன். மாலையம்மாள், சிங்கிகுளம். நாகூர் மைதீன், ஏர்வாடி. அருள்சீலி, இடையன்குடி. தளவாய், கருங்குளம். கண்ணை மூடினால் அவர்கள் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகப் பிரிந்து, அசிங்கமாக, முழு ஆட்களாக வந்து நிற்கிறார்கள். நடுவில் உள்ள இருபத்துநான்கு பேர் வருவதில்லை. நான் யாரை நினைத்துத் தலைகுனிய வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மனிதக் கண் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதினேன். ஒன்பது பக்கம். விதியை எழுதியது நான், சிவப்பைத் தணித்தது நான், பார்த்தும் படிக்காதது நான் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என்மேல் வழக்குப் போடுங்கள் என்றேன். போடாவிட்டாலும் ஒன்றே ஒன்று செய்யுங்கள், அந்த இருபத்துநான்கு பெயர்களை மட்டும் எனக்குக் கொடுங்கள், வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தேன்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. என் 'ழ'.

'தங்கள் மனு ஓர் அலுவலரால் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை முழுவதும் வாசிக்கப்பட்டதற்குக் கண் சான்று இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் கோரும் இருபத்துநான்கு பெயர்களையும் தாங்களே ஏற்கெனவே முழுவதும் வாசித்துள்ளதாக ஆவணங்கள் காட்டுவதால், அவற்றை மீண்டும் வழங்க வேண்டிய அவசியம் எழவில்லை.'